நாடி அலையின் வேகம்

இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் ரத்தத்தோடு ஓர் அழுத்த அலையும் கிளம்புகிறது. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கிறோமே நாடி, அது இந்த அலைதான். ரத்தத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். இளைஞரின் பெருந்தமனியில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 5 மீட்டர். முதுமையில் 10 மீட்டரையும் தாண்டிவிடும். தமனி விறைக்க விறைக்க அலையின் வேகம் கூடும். இதை 1878லேயே நெதர்லாந்தின் மூன்ஸும் கோர்ட்டெவெக்கும் சமன்பாடாக எழுதிவிட்டார்கள். 1922இல் இங்கிலாந்தின் பிராம்வெல்லும் ஹில்லும் தமனி எவ்வளவு விரிந்து கொடுக்கிறது என்பதை இந்த வேகத்தோடு இணைத்துக் காட்டினார்கள்.

விறைப்பு ஏன் ஆபத்து? நல்ல பெருந்தமனி, இதயம் தள்ளும் ரத்தத்துக்கு விரிந்து இடம் கொடுக்கும். இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் சுருங்கி அதை முன்னே அனுப்பும். வயதும் ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் புகையிலையும் அந்த மீள்தன்மையைத் தின்றுவிடுகின்றன. பிறகு ஒவ்வொரு துடிப்பின் அடியையும் மூளையும் சிறுநீரகமும் நேராக வாங்குகின்றன.

சூத்திரம் கிடைத்தும் அளப்பது எளிதாக இல்லை. பெருந்தமனி நெஞ்சுக்குள் வளைந்து கிடக்கிறது. கழுத்திலும் தொடை இடுக்கிலும் நாடி பிடித்து, இடைப்பட்ட தூரத்தை உடம்பின் மேல் டேப் வைத்து அளந்தார்கள், இன்றும் அளக்கிறார்கள். ஆனால் டேப் தமனியின் வளைவில் போகாது. இதயத்தை ஒட்டிய முதல் பகுதியும் அந்தக் கணக்கில் வராது.

அந்தக் குறையைத் தீர்த்தது எம்.ஆர்.ஐ. ரத்தம் ஓடும் வேகத்தையே படமாக்கும் முறை 1980களில் வந்தது. 1989இல் லண்டனில் மொகியாதீனும் லாங்மோரும் அவர்கள் குழுவினரும் பெருந்தமனியின் நெகிழ்வை எம்.ஆர்.ஐ.யில் அளந்து வெளியிட்டார்கள். வயதோடு நெகிழ்வு குறைவதும், பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களிடம் அது கூடுதலாக இருப்பதும், இதயத் தமனி நோயாளிகளிடம் குறைந்திருப்பதும் அதில் தெரிந்தன.

அலையின் வேகத்தை எம்.ஆர்.ஐ.யில் அளப்பது இப்படித்தான். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரே ஒரு வெட்டுப்படம். அதில் பெருந்தமனி இரண்டு வட்டங்களாகத் தெரியும்: மேலேறும் பகுதி ஒன்று, கீழிறங்கும் பகுதி இன்னொன்று. இரண்டிலும் ரத்தவேகம் எந்தக் கணத்தில் எழுகிறது என்று வரைகோட்டில் பார்ப்பார்கள். வளைவின் நீளத்தை இன்னொரு படத்தில் தமனியின் நடுக்கோட்டைப் பின்பற்றி அளப்பார்கள். ரயில் புதுக்கோட்டையில் புறப்பட்ட நேரமும் காரைக்குடி சேர்ந்த நேரமும் இடைப்பட்ட தூரமும் தெரிந்தால் வேகம் சொல்லிவிடலாம் அல்லவா? அதே கணக்குதான். 12 செ.மீ. வளைவைக் கடக்க 24 மில்லி நொடி என்றால் வேகம் நொடிக்கு 5 மீட்டர்; 12 மில்லி நொடி என்றால் 10 மீட்டர். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, சாய மருந்தும் வேண்டாம்.

ஆனால் எம்.ஆர்.ஐ. விலை உயர்ந்த இயந்திரம். ஊர் ஊராகத் தூக்கிப்போக முடியாது. இங்கேதான் சென்னை வருகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் மருத்துவத் தொழில்நுட்பப் புத்தாக்க மையத்தில் ஜெயராஜ் ஜோசப், மோகனசங்கர் சிவப்பிரகாசம் ஆகியோரின் குழு ‘ஆர்ட்சென்ஸ்’ என்ற சிறு கருவியை உருவாக்கியது. கழுத்தில் வைத்தால், படம் எடுக்காமலே அல்ட்ராசவுண்ட் அலையால் தமனிச் சுவரின் அசைவைக் கண்டறிந்து விறைப்பைச் சொல்லும். அது அளப்பது கழுத்துத் தமனியை. பெருந்தமனியை நேராகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. எம்.ஆர்.ஐ. ஆழமாகப் பார்க்கும், ஆர்ட்சென்ஸ் ஊர் ஊராகப் போய்ப் பலரைப் பார்க்கும். இரண்டும் தேவை.

சிறு கருவி என்றால் சிற்றூருக்கும் போகலாம். புதுக்கோட்டை மாவட்டத்தையே பாருங்கள். அங்கே 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2021இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலிலேயே பிரஷரும் சுகரும் பார்க்கிறது. அடுத்த படியாக, அந்த மாவட்டத்தின் அறந்தாங்கியிலும் பொன்னமராவதியிலும் கந்தர்வகோட்டையிலும் பிரஷரோடு தமனியின் விறைப்பையும் பார்க்கும் வசதி வரவேண்டும். அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம்: பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், உப்பைக் குறையுங்கள், புகையிலையை விடுங்கள், தினமும் நடங்கள்.