சியட்டில் நகரில் ஒரு பரிசோதனை

அல்பேர் கமுயின் 'கொள்ளைநோய்' (1947) நாவலைப் படித்த நேயர்கள், ஒரான் நகர அதிகாரிகள் நோயின் பெயரை உச்சரிக்கவே தயங்கும் கட்டத்தை மறந்திருக்கமாட்டார்கள். 2020இல் ஐக்கிய அமெரிக்காவில் நடந்தது வேறு. பெயர் தெரிந்திருந்தது, நோய் யாரிடம் இருக்கிறது என்று பார்க்கத்தான் வழியில்லாமற் போயிற்று.

அவ்வாண்டு ஜனவரியில் சீன விஞ்ஞானிகள் கொரோனா வைரசின் மரபணு வரிசையை வெளியிட்டனர். சில நாட்களுக்குள் பேர்லின் ஆய்வாளர்கள் பரிசோதனை முறையொன்றை வகுத்துவிட்டார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையமோ தானே ஒன்றைத் தயாரித்து, பெப்ரவரி முற்பகுதியில் மாநில ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிற்று. அதிலே பழுது. வைரசே இல்லாத மாதிரியிலும் அது வினைகாட்டியது. மற்ற ஆய்வுகூடங்கள் சொந்தமாகச் செய்திருக்கலாமே என்பீர்கள். அவசரநிலை பிரகடனமானதும் விதி தளரவில்லை, இறுகிற்று. விசேட அனுமதியின்றி எவரும் புதிய பரிசோதனையைப் பயன்படுத்தக்கூடாது. சோதிக்கப்படுவோரும் பெரும்பாலும் சீனா சென்றவர்கள் அல்லது நோயாளருடன் பழகியவர்கள் மட்டுமே.

சியட்டில் நகரில் ஹெலன் சூ என்ற வைத்தியரின் குழு, சளிக்காய்ச்சல் ஆய்வுக்காக மாதக்கணக்கில் மூக்குச் சளி மாதிரிகளைச் சேகரித்து வைத்திருந்தது. நாட்டின் முதலாவது நோயாளி இனங்காணப்பட்டதும் அந்தப் பகுதியில்தான். கையிலிருந்த மாதிரிகளைச் சோதிக்க அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. அது ஆராய்ச்சிக்கூடம், நோயாளருக்கு முடிவு சொல்லும் தகுதிச் சான்று அதற்கில்லை. மாதிரி தந்தவர்களும் இதற்கெனச் சம்மதிக்கவில்லை. இதை வெறும் கோப்புக்கட்டுப் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒன்றுக்கென்று கொடுத்ததை இன்னொன்றுக்கு எடுக்கலாமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால், நோய் அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கவில்லை.

பெப்ரவரி 25ஆம் திகதி அவர்கள் அனுமதியின்றியே சோதித்தார்கள். வெளிநாடு எங்கும் போகாத பதின்ம வயதினன் ஒருவனின் மாதிரியில் வைரஸ் இருந்தது. விதிப்படி பார்த்தால் அவனைச் சோதித்திருக்கவே மாட்டார்கள். செய்தி எட்டியபோது அவன் பாடசாலைக்குள் காலடி வைத்திருந்தான். அப்படியே வீட்டுக்கு அனுப்பினார்கள். சோதனையை நிறுத்தும்படி பின்னர் சூவின் குழுவுக்கு உத்தரவு வந்தது.

பெப்ரவரி 29இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. சியட்டிலை அடுத்த கேர்க்லண்டில் நேர்ந்த மரணமொன்று, நாட்டின் முதலாவது கொரோனா மரணமென அறிவிக்கப்பட்டதும் அன்றுதான். ஏப்ரலில் அந்தக் கணக்கும் மாறிற்று. கலிபோர்னியாவின் சாந்தா கிளாராவில் வீட்டிலேயே இறந்த ஒருவரின் உடற்கூற்று மாதிரியில் வைரஸ் இருந்தமை தெரியவந்தது. அவர் இறந்தது பெப்ரவரி 6ஆம் திகதி.