போட் மெயில் போன வழி

சென்ற ஆகஸ்ட் மாதம் மகனுக்குக் கம்பெனியில் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு கிடைத்தது. புதுக் கார் வாங்கி ஆறு மாதம் ஆகியும் காஞ்சிபுரம், திருத்தணியைத் தாண்டி ஓட்டவில்லையே என்று அவனுக்குக் குறை. ஏற்காடு, ஊட்டி என்று ஆளுக்கொரு ஊர் சொல்லிக்கொண்டிருந்தோம். கட்டிலில் படுத்திருந்த என் மாமியார் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"ராமேஸ்வரம் பக்கம் போனா என்னையும் கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை. அந்தக் கடலை ஒரு தரம் பாக்கணும். வந்தப்ப அழுதுகிட்டே வந்ததுல ஒண்ணும் பாக்கல."

அத்தைக்கு வயது 84. இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்கிற பழக்கமே இல்லாதவர். அதற்குமேல் ஏற்காடு பேச்சு எழவில்லை.

நான் தபால் இலாகாவில் 36 வருடம் இருந்தவன் என்பது நண்பர்களுக்குத் தெரியும். என் மனைவி இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் என்பது பலருக்குத் தெரியாது. 1972ல், அவளுக்குப் பத்து வயதில், குடும்பத்தோடு கப்பலேறி இங்கே வந்தார்கள். அரசாங்கக் காகிதங்களில் அவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அத்தை அதற்குமுன் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்க்காத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டுவிட்டுப் பதில் தெரியாமல் விழித்திருக்கிறேன்.

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில் வழியாக ஜி.எஸ்.டி. ரோடு பிடித்து, விழுப்புரம் தாண்டி, திருச்சியில் டிபன். அங்கே அத்தை சொன்ன கதையிலிருந்துதான் எங்களுக்கு உண்மையான பயணம் ஆரம்பமானது.

அத்தையின் அப்பாவுக்கு முசிறிப் பக்கம் ஒரு கிராமம். மழை பொய்த்த ஒரு வருடம், கங்காணி ஒருவர் ஊருக்கு வந்து ஆள் சேர்த்தாராம். கங்காணி என்றால் தோட்டத்து மேஸ்திரி. அவரே சொந்த ஊருக்கு வந்து, முன்பணம் கொடுத்து, தெரிந்த குடும்பங்களாகப் பார்த்து அழைத்துப் போவார். அந்த முன்பணம் கடனாக ஏறிக்கொண்டே இருக்கும். 1939ல் இந்திய அரசு கூலி வேலைக்கு இலங்கை போவதைத் தடை செய்தது. அதற்குள் போய்விட்ட கடைசிக் கூட்டத்தில் அவர் ஒருவர்.

புதுக்கோட்டை, திருமயம் கோட்டை, காரைக்குடி, ராமநாதபுரம் என்று ஊர்கள் பின்னால் போயின. இந்தப் பக்கமாகத்தான் எங்கள் தலைமுறைக்குப் பெயராகத் தெரிந்த 'போட் மெயில்' ரயிலும் போய்க்கொண்டிருந்தது. 1914க்கு முன் கொழும்பு போகிற பயணிகள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். அந்த வருடம் பிப்ரவரி 24ஆம் தேதி பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் வழி மாறிவிட்டது. எழும்பூரில் டிக்கெட் வாங்கினால் அதே டிக்கெட்டில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயிலேறிக் கொழும்பு. நடுவே கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்தக் கப்பல்களுக்கு இர்வின், கோஷன் என்று துரைமார் பெயர்கள். ஒருவர் வைஸ்ராய், மற்றவர் சென்னை மாகாண கவர்னர்.

ரயிலும் கப்பலும் ஆளை மட்டுமா சுமந்தன? மெயில் என்ற பெயரே தபாலால் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆர்.எம்.எஸ்.ஸில் இருந்த மூத்தவர்கள் சிலோன் தபால் பைகளைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அத்தையின் அப்பா முசிறியில் இருந்த தன் தாயாருக்கு வருடத்தில் இரண்டு மூன்று தடவை பணம் அனுப்புவாராம். தாயார் காலமான பிறகு அதுவும் நின்றுபோனது. ஊரோடு இருந்த கடைசி நூலும் அதுதான்.

மண்டபத்துக்கு முன்னால் 'மண்டபம் கேம்ப்' என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. பெயர்ப் பலகையைக் கண்டதும் அத்தை, "இங்கதான், இங்கதான்" என்றார். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கை அரசாங்கமே இந்திய மண்ணில் நடத்திய முகாம் அது. தோட்டத்துக்குப் போகிறவர்களை இங்கே சில நாள் தங்கவைத்து, அம்மை, காலரா இருக்கிறதா என்று பார்த்து, ஊசி போட்டு, துணிமணிகளை மருந்தில் முக்கி, அப்புறம்தான் கப்பலேற்றுவார்கள். அத்தையின் அப்பா அந்த வரிசையில் நின்றவர். ஏறக்குறைய 35 வருடம் கழித்து, எதிர்த்திசையில் வந்து இறங்கிய மகள் அதே முகாமில் குடும்ப அட்டை வாங்க வரிசையில் நின்றார். 1983க்குப் பிறகு அங்கே இலங்கை அகதிகளைத் தங்கவைத்தார்கள். ஒரே இடம் மூன்று விதமான கூட்டத்தைப் பார்த்திருக்கிறது.

பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியதும் எல்லோரும் வாயடைத்துப் போனோம். இடப்பக்கம் பாக் நீரிணை குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. வலப்பக்கம் மன்னார் வளைகுடா பொங்கிக்கொண்டிருந்தது. இதைப் பெண்கடல், அதை ஆண்கடல் என்கிறார்கள் மீனவர்கள். நூற்றாண்டு கண்ட பழைய ரயில் பாலம் ஓய்வு பெற்று நிற்க, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் அதன் பக்கத்தில் பளபளத்தது.

நாங்கள் நின்றிருந்த சாலைப் பாலத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சேதி. அது 1988 அக்டோபர் 2ஆம் தேதி திறக்கப்பட்டது. அன்னை இந்திரா காந்தி பெயர் வைத்தார்கள். திறந்து வைத்தவர் ராஜீவ் காந்தி. அதற்கு மூன்று வருடம்கூட ஆகாத 1991 மே 21ஆம் தேதி ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தினமும் அந்த நினைவிடத்தைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறோம். அவர் திறந்த பாலத்தின் மேல் நிற்பேன் என்று நினைத்ததில்லை. மனசு ஒரு மாதிரியாக இருந்தது.

ராமேஸ்வரத்தில் ராத்தங்கி, காலையில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டோம். நாக்கு மாதிரி கடலுக்குள் நீளும் மணல்திட்டு. 2017 வரை முகுந்தராயர் சத்திரத்தோடு தார் ரோடு முடிந்துவிடும்; அப்புறம் மணலில் ஜீப்பும் வேனும்தான். இப்போது சுமார் 9.5 கிலோமீட்டர் நல்ல ரோடு முனை வரைக்கும் போகிறது. இரண்டு பக்கமும் கடல். மகன் ஜன்னலை இறக்கிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி ஆர்ப்பரித்தான். அழகான இடம்தான், சந்தேகமில்லை.

வழியில் பழைய ஊரின் மிச்சம். கூரை இல்லாத மாதா கோயில், ரயில் நிலையத்தின் தண்ணீர்த் தொட்டி, சில சுவர்கள். தபால் ஆபீஸ் என்று ஒரு குட்டிச்சுவரைக் காட்டினார்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் கவுன்ட்டர் எந்தப் பக்கம் இருந்திருக்கும், பைகளை எந்த வாசல் வழியாக ரயிலடிக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முசிறிக்கு வந்த அந்தப் பணத்தின் காகிதமும் இந்த ஊரைக் கடந்துதான் வந்திருக்கும்.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு. பாம்பனிலிருந்து 11.55க்கு ஒரு பாசஞ்சர் ரயில், நம்பர் 653, தனுஷ்கோடிக்குக் கிளம்பியது. ஆறு பெட்டிகள். நிலையத்துக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது 20 அடிக்கும் மேலான அலை வந்து அடித்தது. டிக்கெட் வாங்கியவர்கள், ரயில்வே ஊழியர்கள் என நூற்றுக்கும் மேற்பட்டோர், ஒருவரும் மீளவில்லை. ஊரும் தீவும் சேர்த்து இறந்தவர்கள் 1,800 பேர் வரை என்று கணக்கு. பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126ன் இரும்புத் தளங்கள் கடலில் விழுந்தன. 46 நாளில் அதை மறுபடி நிமிர்த்தியவர் அப்போது இளம் எஞ்சினியராக இருந்த ஈ.ஸ்ரீதரன், பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர். பாலம் எழுந்தது, தனுஷ்கோடி எழவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. ரயிலும் ராமேஸ்வரத்தோடு நின்றுவிட்டது.

இந்தப் புயலைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். அதற்கு இரண்டு மாதம் முன்னால் நடந்த இன்னொன்றை அதிகம் பேசுவதில்லை. 1964 அக்டோபர் 30ஆம் தேதி டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கை 1948ல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் எந்த நாட்டுக்கும் சேராமல் நின்ற தோட்டத் தமிழர்கள் சுமார் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். அந்த மீதியையும் 1974ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாக 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். ஒரு தபால்காரனாக எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். மூட்டையைப் பிரித்து, இது இந்தப் பைக்கு, அது அந்தப் பைக்கு என்று போடுகிற வேலையை நாங்கள் கடிதங்களுக்குச் செய்தோம். அதற்குக்கூட மேலே முகவரி எழுதியிருக்கும்.

அத்தையின் வீட்டில் அண்ணன் இலங்கைப் பையில் விழுந்தார், அத்தை இந்தியப் பையில். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிவந்த ரயிலை மலைநாட்டில் 'ஒப்பாரிக் கோச்சி' என்பார்களாம். கோச்சி என்றால் அங்கே ரயில். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறவர்களும் அழுவார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுவார்கள். கப்பலின் பெயர் ராமானுஜம். எந்த ராமானுஜம் என்பது வேறு விஷயம். அதைக் கேட்ட அன்று, எங்கள் ஊர் எம்பெருமானார் பெயர்தானே உங்களை அக்கரை சேர்த்தது என்று நான் வேடிக்கையாகச் சொன்னது உண்டு. தனுஷ்கோடி இல்லாததால் அந்தக் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. 1984ல் சண்டை காரணமாக அதுவும் நின்றது.

அரிச்சல்முனையில் ரோடு முடிகிறது. அசோகத் தூண் நிற்கிறது. அத்தையைக் கைத்தாங்கலாக மணலில் இறக்கினோம். காற்று ஆளைத் தள்ளியது. அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிழக்கே பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மகனின் போன் கிணுகிணுத்தது. இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று ஒரு செய்தி.

"யாருப்பா?" என்றார் அத்தை.

"சிலோன் டவர் எடுக்குது ஆயா. வாங்கன்னு கூப்பிடுறாங்க."

"இப்பதான் கூப்பிடுறானா?" என்று சிரித்தார். சிரித்த முகத்தோடே கண் கலங்கியது. அண்ணன் தவறிப்போன செய்தி அவருக்கு வந்தது ஏர்மெயிலில், காரியம் முடிந்து பல நாள் கழித்து. என் மனைவி ஒன்றும் பேசாமல் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் தண்ணீரை அள்ளி அத்தை தலையில் தெளித்துக்கொண்டார். போதும், போகலாம் என்றார்.

மறுநாள் திரும்பி வரும்போது ஒரகடத்தில் ஷிப்ட் முடிகிற நேரம். கம்பெனி பஸ்கள் நெருக்கியடித்து நின்றதால் கார் ஊர்ந்தது. ரோட்டோரம் வரிசையாக ஒற்றை அறைகள், பொதுக் குழாய், கயிற்றில் துணி. பீகார், ஒடிசாப் பையன்கள் டிபன் பையோடு நடந்து போனார்கள். போகும்போது இருட்டில் தூங்கிவிட்ட அத்தை இப்போது ஜன்னல் வழியாக உற்றுப் பார்த்தார்.

"அப்படியே எங்க லயம் மாதிரி இருக்கு. இவங்களுக்கு இங்க ரேஷன் உண்டா?"

"எந்த மாநிலத்துக் கார்டா இருந்தாலும் இப்ப இங்க வாங்கிக்கலாம் ஆயா" என்றான் மகன்.

"அப்ப சரி. கார்டு இருந்தா யாரும் தொரத்த முடியாது."

வீட்டுக்கு வந்ததும் தன் தகரப் பெட்டியைத் திறந்து, மண்டபத்தில் கொடுத்த அந்தக் குடும்ப அட்டையை எடுத்து என்னிடம் காட்டினார். மடிப்பில் கிழிந்து, மஞ்சளேறி இருந்தது. நான் ஒட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம் மாப்பிள்ளை என்று பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்துப் பூட்டினார்.