அஃறிணை ஆளாகும் இடம்: புதுச்சேரியும் தமிழின் ஆளுருவாக்கமும்

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தின் லாரி முனையத்தில் ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும்போது "வண்டி அடம்பிடிக்குது", "மேடு ஏறுனா மூச்சு வாங்குது" என்பவை வெகு இயல்பாக வரும். அடம்பிடிப்பது மனிதச் செயல். வினைமுற்றோ அஃறிணையிலேயே நிற்கிறது. வண்டிக்கு மனிதனின் செயல் கிடைத்தது, திணை கிடைக்கவில்லை. செயலை ஏற்றுவது ஒன்று, திணையையே மாற்றுவது வேறொன்று. வினையின் ஈற்றிலேயே திணையைக் காட்டும் தமிழில் ஆளுருவாக்கத்தின் வரலாற்றை எழுத இந்தப் பிரிவினை இன்றியமையாதது.

இலக்கணிகள் முதலாவதை நன்கு அறிந்திருந்தனர். பேசாதவற்றைப் பேசுவனவாகவும், செய்யாதவற்றைச் செய்வனவாகவும் கூறும் மரபைத் தொல்காப்பியப் பொருளியல் ஏற்கிறது. நன்னூல் ஒரு படி விளக்கமாக, அஃறிணைப் பொருள்களைக் கேட்பன போலவும் பேசுவன போலவும் நடப்பன போலவும் செய்வன போலவும் சொல்லலாம் என்கிறது. 'போல' என்ற வேலி அங்கே கவனமாக இடப்பட்டிருக்கிறது.

அந்த வேலிக்கு உள்ளும் புறமும் இளங்கோவடிகள் நடப்பதைச் சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரியிறுத்த காதையில் காணலாம். மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனை வரவேண்டாம் எனத் தடுப்பவை போல அசைகின்றன. தண்டியலங்காரம் தற்குறிப்பேற்றம் என்று வகுக்கும் அணி இது. அதே காதையில் வையையோ, நேரப்போவதை அறிந்தவள் போலக் கண்ணீரை மலராடைக்குள் மறைக்கிறாள். அவளுக்குரிய வினைமுற்றும் பெண்பாலில் முடிகிறது. ஆனால் கோவலனும் கண்ணகியும் ஆற்றைக் கடந்ததும் அந்தப் பெண்ணுரு மறைந்துவிடுகிறது.

மறையாத உருவம் பிற்காலத்தது. 1891இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தின் வாழ்த்தில் பெ. சுந்தரனார் நிலத்தை மங்கையாக்கி, தமிழை அணங்காக விளித்தார். விளித்தல் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. முன்னிலை வினை இரு திணைக்கும் பொது. குயிலையும் குழந்தையையும் 'நீ வந்தாய்' என்றே அழைக்கிறோம். அஃறிணை ஓசையின்றி உயர்திணைக்குள் நுழையும் வாசல் அதுதான். 'தமிழ்த்தாய்' என்ற பாடலில் பாரதி இன்னும் துணிந்தார்: தமிழே தன் வரலாற்றைத் தன் வாயால் சொல்கிறாள். நன்னூல் பொதுவாக்கிய தன்மையிடத்தைத் தொல்காப்பியர் உயர்திணைக்கே உரியதாக வைத்திருந்தார் என்பதை நினைத்தால், பாரதி தமிழுக்கு அளித்த இடத்தின் உயரம் தெரியும்.

1908இல் பாரதி பிரெஞ்சு ஆட்சிப் புதுச்சேரிக்கு வந்து, 1918 வரை அங்கே வாழ்ந்தார். ஆங்கிலேய அரசின் கை எட்டாத அந்த ஊரில் சொல்லுருவம் படவுருவமானது. 1909ஆம் ஆண்டு 'விஜயா' இதழின் அட்டையில் பாரத மாதா தன் பலவகை மக்களோடு காட்சி தந்தாள். பிரான்சின் குடியரசும் 1792 முதல் முத்திரையில் பெண்ணுருவே. எனினும் பாரத மாதாவின் வேர் வங்கத்தில் இருக்கிறது: பங்கிம் சந்திரரின் 'ஆனந்த மடம்' 1882இல் நூலானது, அவனீந்திரநாத் தாகூர் 1905இல் அவளை ஓவியமாக்கினார். பாரதியின் தனித்தன்மை 'பாஞ்சாலி சபத'த்தில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. 1912இல் அதன் முதற்பகுதி வந்தது. அங்கே நாடு பெண்ணாகவில்லை; அவையில் இழிவுபட்ட ஒரு பெண் நாடாகிறாள். ஆளுருவாக்கத்தின் திசையே திரும்பிவிட்டது. தமிழில் இதற்கு இணையாக வேறொன்றை நான் வைக்கமாட்டேன்.

அவர் வழிவந்த புதுவைக் கவிஞர் பாரதிதாசன், மனோன்மணீயம் வெளிவந்த அதே 1891இல் பிறந்தவர். கடவுளை மறுத்தவர் அணங்கை என்ன செய்வார் என்பது முக்கியமான கேள்வி. 1944இன் 'அழகின் சிரிப்பு' விடை தருகிறது: அழகு அங்கே 'அவள்', ஆனால் தெய்வமல்லள், கதிரிலும் கடலிலும் மலரிலும் எதிர்ப்படும் பெண். கோயில் போயிற்று, பெண்பால் நின்றது. இதில் ஒரு குறையும் உண்டு. மொழி, நாடு, அழகு என மூன்றையும் பெண்ணாகவே கண்ட இந்த மரபில், காப்பதும் பாடுவதும் பெரும்பாலும் மகனின் பணியாகவே வைக்கப்பட்டன. சுமதி ராமசாமி தமிழ்ப்பற்றைப் பற்றி 1997இல் வெளியிட்ட ஆய்வுநூலுக்குப் பிறகு இதைக் கவனியாமல் கடக்க முடியாது.

தமிழ்நாடு 1970இல் சுந்தரனாரின் பாடலை அரசு விழாக்களுக்கு ஏற்றது. புதுச்சேரி அரசு விழாக்களில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து பாரதிதாசனுடையது. இரண்டும் தமிழை முன்னிலையில் நிறுத்தியே பாடுகின்றன.