தேயிலையின் ஷாம்பேன்: நுவரெலியாவும் ஹட்டனும்

பிரெஞ்சு மதுவகைகளுள் ஷாம்பேன் எவ்வாறோ, இலங்கைத் தேயிலைகளுள் நுவரெலியாத் தேயிலை அவ்வாறு என்று தேயிலை வணிகர்கள் சொல்வதுண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில், குளிர்காற்றில் மெல்ல வளரும் கொழுந்து இளநிறமும் மென்மணமும் கொண்ட சாயத்தைத் தருகிறது. அதனினும் சற்றுத் தாழ்ந்த ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பகுதிகள் திம்புலைப் பிரிவைச் சேர்ந்தவை. ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட பருவத்துக் கொழுந்தே அங்கு உயர்ந்ததாக மதிக்கப்படுகிறது. வணிகர்கள் சுவைக்காகச் செய்த இந்த ஒப்பீட்டை வரலாற்றுக்காகவும் செய்து பார்ப்பது பயனுடையது. ஷாம்பேன் பிரதேசத்திற்குச் செல்லும் பயணி கொடித்தோட்டங்களையும் நிலவறைகளையும் மாளிகைகளையும் காண்கிறார். மலையகத்திற்கு வருபவர் தேயிலைமலை, தொழிற்சாலை, துரை பங்களா ஆகியவற்றைக் காண்கிறார். காட்சிகள் ஒத்திருந்தாலும், அவற்றை உண்டாக்கிய மக்களுக்கு நேர்ந்தது ஒன்றாக இருக்கவில்லை.

இரு நாடுகளையும் ஒரே பத்தாண்டில் இரு நோய்கள் தாக்கின. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பைலோக்சரா என்னும் நுண்பூச்சி பிரான்சின் திராட்சைக் கொடிகளை வேரிலேயே அழிக்கத் தொடங்கியது. 1869இல் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தோன்றியது. பிரெஞ்சுக்காரர் அமெரிக்க வேர்க்கொடிகளில் தமது கொடிகளை ஒட்டுக்கட்டித் திராட்சையை மீட்டுக்கொண்டனர். இலங்கையில் கோப்பி மீளவில்லை. ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை, கோப்பி பட்டுப்போன மலைகளிலெல்லாம் பரவியது.

இம்மாற்றம் பயிரோடு நிற்கவில்லை. கோப்பி பருவத்திற்கு ஒருமுறை பறிக்கப்படுவது. திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த தொழிலாளர்கள் கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தனர். வழியிலேயே இறந்தோர் பலர். பிழைத்தோருள் பெரும்பாலோர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையிலோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். ஆகவே பெண்களும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் நிலைத்துத் தங்க நேர்ந்தது. தற்காலிகமாகக் கட்டப்பட்ட லயன் அறைகள் நிரந்தர வசிப்பிடங்களாயின.

இன்று பயணிகள் விரும்பிக் காணும் இடங்களை இப்பின்னணியில் நோக்குவோம். 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய இரயில் பாதை, உலகின் அழகிய பாதைகளுள் ஒன்றெனப் புகழப்படுவது. அது அமைக்கப்பட்டது மலைக்காட்சிக்காக அன்று, விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்தில் சேர்ப்பதற்காக. நுவரெலியாவின் கிரகரி வாவி 1873இல் தேசாதிபதி வில்லியம் கிரகரி காலத்தில் உருவாக்கப்பட்டு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஹக்கலப் பூங்கா 1861இல் மலேரியாவுக்கு மருந்தாகும் சிங்கோனாப் பயிரைச் சோதிக்கத் தொடங்கப்பட்டது. தலவாக்கலையை அடுத்த சென்கிளேயர் நீர்வீழ்ச்சியின் நீர், 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்திற்குத் திருப்பப்பட்டது. சிவனொளிபாதமலைக்குச் செல்லும் வழியிலுள்ள பழைய மஸ்கெலியா நகரம் 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது அங்கிருந்த வழிபாட்டுத் தலங்களின் இடிபாடுகள் வெளிப்படும். வாவிக்கும் வீதிக்கும் தோட்டத்திற்கும் ஆங்கிலேயர் பெயர்கள் நிலைத்தன. மண் சுமந்தோர் பெயரைத் தாங்கிய இடங்களோ மிக அரிது.

இத்தோட்டங்களைப் 'பார்வையிடுவது' என்பதற்கே ஒரு வரலாறு உண்டு. இன்று எந்த நாட்டவரும் தொழிற்சாலைக்குள் சென்று கொழுந்து வாடுவதையும் உருள்வதையும் கண்டு, ஒரு கோப்பைத் தேநீரும் அருந்தித் திரும்பலாம். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் வெளியார் தோட்டத்துள் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்டது. தஞ்சையிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசையர், தொழிலாளர் நிலையை நேரில் அறியப் புடவை வியாபாரி வேடத்தில் லயன்களுக்குள் செல்ல வேண்டியிருந்தது. அவர் பின்னர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாடல்கள் வழியாகத் தொழிலாளரிடையே விழிப்பூட்டினார். பத்திரிகைத் தொழிலில் உள்ளோர் ஹட்டனைக் கடக்கும்போது நினைக்க வேண்டிய முதல் பெயர் நடேசையருடையது.

ஷாம்பேனிலும் போராட்டம் நடந்தது. வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பேன் என்ற பெயரில் விற்ற வணிகர்களுக்கு எதிராக 1911இல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். ஆய் என்னும் ஊரில் மது நிறுவனங்கள் தீக்கிரையாயின. 1927ஆம் ஆண்டுச் சட்டம் பிரதேசத்தின் எல்லையை வரையறுத்தது. அங்குள்ள கொடித்தோட்டங்களுள் பத்தில் ஒன்பது பங்கு விவசாயிகளின் உடைமை. அங்கும் எல்லாம் நன்று என்று சொல்வதற்கில்லை. 2023 அறுவடைக்கு அழைத்துவரப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களை இழிந்த நிலையில் தங்கவைத்தவர்களுக்கு 2025இல் நீதிமன்றம் தண்டனை விதித்தது. எனினும், சொந்த நிலம் வைத்திருந்தவர்கள் தம் மண்ணின் பெயருக்காகப் போராடி வெல்ல முடிந்தது.

இங்கே நிகழ்ந்தது அதற்கு மாறானது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினர்களை நாடாளுமன்றத்திற்கு அனுப்பியது. தலவாக்கலையில் வென்ற எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அவர்களுள் ஒருவர். மறு ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களின் பெரும்பகுதியினரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிக்கவென ஒதுக்கிவைத்தது. கொழுந்தை இறக்கிச்சென்ற அதே இரயில் பாதையில் குடும்பங்கள் பிரிந்து தலைமன்னாரை நோக்கிப் போயின. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கியது.

குடியுரிமை கிடைத்த பின்னரும் காணியுரிமை பெரும்பாலோருக்குக் கிட்டவில்லை. சிலருக்கு ஏழு பேர்ச் நிலமும் தனிவீடும் கிடைத்துள்ளன. ஏராளமான குடும்பங்கள் இன்னும் லயன்களிலேயே வாழ்கின்றன. 2023இல் மலையக வருகையின் 200ஆம் ஆண்டை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது, முன்வைத்த கோரிக்கைகளுள் காணி முதன்மையானது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் மலையகமெங்கும் மண் சரிந்தபோது அக்கோரிக்கையின் பொருள் நாட்டிற்கே விளங்கியது. இருந்த கூரையை இழந்த தோட்டக் குடும்பம், மறு கூரை போடுவதற்குத் தனதென்று சொல்ல ஒரு துண்டு நிலமின்றி நின்றது.

ஷாம்பேனின் குன்றுகளும் நிலவறைகளும் 2015இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. மலையகத்திலும் காக்கப்பட வேண்டிய மரபு உண்டு. நுவரெலியாவுக்குச் செல்வோர் வாவியையும் நீர்வீழ்ச்சியையும் பார்க்கட்டும். தொழிற்சாலையில் தேநீரும் அருந்தட்டும். அப்படியே தேயிலைச் செடிகளுக்கிடையே பெயர்ப்பலகையின்றிக் கிடக்கும் புதைமேடுகளையும் சற்று நின்று பார்க்கட்டும். அம்மலைகளில் இவ்வளவு தலைமுறைகளாகத் தொழிலாளருக்குச் சொந்தமாக விடப்பட்ட நிலம் பெரும்பாலும் அந்த ஆறடிதான்.