தாய்மொழியிற் சாஸ்திரம் பயிற்றிய வரலாறு

நெசவுத் தொழிலில் நெடுங்காலம் பழகிய நம் கடையநல்லூர் முதியவர் ஒருவரை, பாவிற்குக் கஞ்சி மிகுந்தால் இழை ஏன் முறிகின்றது, குறைந்தால் ஏன் பிசிர் எழுகின்றது என வினவினால், காரணத்தோடு விடையிறுப்பார். அவர் பேரனும் பள்ளியில் ஈரப்பதம், ஆவியாதல் என அவற்றையே தமிழிற் பயின்று வல்லனாகின்றான். கல்லூரி புகுந்தபின்போ, ஆங்கிலத்தில் வினவுங்கால் அறிந்ததனையும் சொல்லமாட்டாது நிற்கின்றான். அவனை அறிவிலி என்பது தகுமோ? இவ்வினா புதிதன்று. இதற்கு 160 ஆண்டுகளுக்கு முன்னரே செய்கையால் விடை கண்டவர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்தனர்.

அவர் அமெரிக்க மிஷனைச் சார்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847-ஆம் ஆண்டு இலங்கை போந்து, மறு ஆண்டு மானிப்பாயில் அமர்ந்து, நோயாளரைப் பார்த்தலோடு மாணாக்கர் சிலர்க்கு மேனாட்டு வைத்தியமும் பயிற்றலாயினர். முதலிற் பயிற்றியது ஆங்கிலத்திலேயாம். பயின்றோர் நல்ல வைத்தியராயினர். ஆயின் அவருட் பலர் அரசாங்க உத்தியோகத்தையும் சம்பளத்தையும் நாடி வெளியூர் சென்றனர். கிராமத்து நோயாளி பண்டுபோலவே பாயிற் கிடந்தான். இதனைக் கண்ட கிறீன், 1864 முதல் வகுப்பைத் தமிழிலேயே நடத்தத் துணிந்தார். மாணாக்கர் தம் நாட்டு உடையையும் உணவையும் கைவிடுதலையும் அவர் விரும்பிற்றிலர்.

நூலின்றி வகுப்பு யாங்ஙனம் நடக்கும்? டான்வர்த், சாப்மன் முதலிய தம் மாணாக்கரைத் துணைக்கொண்டு அவர் மொழிபெயர்ப்பித்தவை பல. 1867-இல் இரண வைத்தியமும், 1872-இல் மனுஷ அங்காதிபாதமும், 1875-இல் கெமிஸ்தமும் வெளிவந்தன. எல்லாம் கூடி 4,000 பக்கங்களுக்கு மேற்படும். கலைச்சொல் வேண்டுமிடத்து முதலிற் தமிழிலே தேடுக, இல்லையேல் வடமொழியிற் கொள்க, அங்கும் இல்லையாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப எழுதுக என்பது அவர் கொண்ட முறை. கெமிஸ்தம் என்பது அம்மூன்றாம் வழியில் வந்தது. இன்று அதனைக் கேட்போர் நகைக்கக்கூடும். வேதியியல் என்னும் சொல் வழங்காத காலத்தில் அதுவும் ஒரு துணிவே என்பதை மறத்தலாகாது. கிறீன் மதம் பரப்ப வந்தவரே, அதனை மறைப்பானேன்? எனினும் அவர்பாற் பயின்று வெளிவந்த வைத்தியர் 60-க்கு மேற்பட்டவர். 1873-இல் தாயகம் திரும்பிய பின்னும் தமிழ் நூற்பணியை விட்டிலர். 1884-இல் அங்கே காலஞ்சென்றனர்.

தமிழகத்தில் இப்பணி பிந்தியே தொடங்கிற்று. 1916-இல் இராஜகோபாலாச்சாரியார் முதலியோர் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கண்டனர். நம் திருநெல்வேலியில் 1934-இல் இ. மு. சுப்பிரமணிய பிள்ளையவர்கள் முயற்சியால் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் தோன்றிற்று. அச்சங்கத்தார் 1936-இல் சென்னையிற் கூட்டிய சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் சுவாமி விபுலானந்தர். அவர் ஈழத்துக் காரைதீவிற் பிறந்தவர்; துறவு பூணுமுன் விஞ்ஞானம் கற்பித்தவர்; கிறீன் வாழ்ந்த அதே மானிப்பாயில் இந்துக் கல்லூரித் தலைமையாசிரியராகவும் இருந்தவர். 1938-இல் ஏறக்குறைய 10,000 சொற்கள் கொண்ட கலைச்சொற்கள் என்னும் நூல் வெளிவந்தது.

ஆகவே சொல்லில்லை என்னும் குறை பெரும்பாலும் தீர்ந்தது. தீராதது சம்பளக் குறையே. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலிற் சில பிரிவுகளைத் தமிழிற் பயிற்றத் தொடங்கியபோதும், தமிழிற் படித்தவனுக்கு வேலை தருவார் யார் என்றே பெற்றோர் கேட்டனர். அக்கேள்வியைப் பழித்தல் எளிது. வறிய நெசவாளிக்கு அது வயிற்றுக் கேள்வி. கிறீனின் முதல் மாணாக்கர் ஊரைவிட்டகன்றதும் இதனாலன்றோ?

கல்லூரி புகவிருக்கும் நம் சிறார்க்குக் கோடை விடுமுறையில், தாம் தமிழிற் கற்ற சாஸ்திரத்தையே இருமொழிச் சொற்களோடும் மீளச் சொல்லிக்கொடுக்கப் படித்த இளைஞர் முன்வரலாம். அந்தக் கலைச்சொற்கள் நூலின் பழம்படி எவர் வீட்டுப் பரணிலேனும் கிடக்குமாயின், செல்லரிக்குமுன் சங்கத்தாரிடம் சேர்ப்பித்தல் நலம்.