அஜைல் திட்ட மேலாண்மைக் கருவிகள்

அஜைல் முறையில் மென்பொருள் உருவாக்கும் குழுக்கள், செய்ய வேண்டிய வேலைகளைத் தொகுக்கவும், எது முதலில் எது பிறகு என்று வரிசைப்படுத்தவும், எந்த வேலை யாரிடம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்கவும் பயன்படுத்தும் மென்பொருள்கள் அஜைல் திட்ட மேலாண்மைக் கருவிகள் எனப்படுகின்றன. ஜிரா, டிரெல்லோ, அஷ்யூர் டெவ்ஆப்ஸ், ரெட்மைன், ஸோஹோ ஸ்பிரிண்ட்ஸ் முதலியவை இவ்வகையில் அறியப்பட்டவை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி உருவாக்கிய அஜைல் அறிக்கை, வழிமுறைகளுக்கும் கருவிகளுக்கும் மேலாக மனிதர்களையும் அவர்கள் கலந்து பேசுவதையும் வைத்தது. அதுவே அறிக்கையின் முதல் மதிப்பு. ஆனால் அஜைல் இயக்கத்தைச் சுற்றியே ஒரு பெரிய கருவித் தொழில் வளர்ந்தது.

தொடக்கத்தில் கருவி என்று இருந்தது காகித அட்டைதான். கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளை எழுதும் பணியில் 1996-இல் சேர்ந்த கென்ட் பெக், அங்கே எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற முறையை உருவாக்கினார். பயனருக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு சிறு அட்டையில் ஓரிரு வரிகளில் எழுதுவது அதன் வழக்கம். இதுவே யூசர் ஸ்டோரி. அட்டையில் இடம் குறைவாக இருந்தது வசதியாகவே அமைந்தது. விவரம் எழுத இடமில்லை என்பதால், வேலையைத் தொடங்கும்போது கேட்டவரிடம் போய்ப் பேசித்தான் ஆக வேண்டும். இன்றைய கருவிகளில் விவரப் பெட்டிக்கு நடைமுறையில் எல்லையே இல்லை. பக்கம் பக்கமாக எழுதிவிட்டால் பேசிவிட்டதாக எண்ணிக்கொள்ளும் பழக்கத்துக்கு அது இடம் கொடுக்கிறது.

சுவரில் பத்திகள் பிரித்து அட்டைகளை நகர்த்தும் பலகைக்குக் கான்பனே அடிப்படை. டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்த முறை அது. மென்பொருள் பணிக்கு அதைக் கொண்டுவந்தவர் டேவிட் ஆண்டர்சன். அவர் முதலில் கைவைத்த இடங்களில் ஒன்று, மைக்ரோசாஃப்டின் உள் மென்பொருள்களைப் பராமரித்த ஹைதராபாத் குழு. 2004 வாக்கில் அக்குழுவிடம் வந்த கோரிக்கை முடிந்து வெளியேற ஏறத்தாழ ஐந்து மாதம் பிடித்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் எவ்வளவு காலம் ஆகும் என்று மதிப்பிட்டுச் சொல்வதே உழைப்பின் கணிசமான பகுதியைத் தின்றுகொண்டிருந்தது. முன்கூட்டி மதிப்பிடுவதை நிறுத்தி, ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைகளுக்கு வரம்பு வைத்தார்கள். காலம் இரண்டு வாரம் அளவுக்கு இறங்கியது. புதிதாக எந்த மென்பொருளும் இதற்குத் தேவைப்படவில்லை.

இந்த வரம்பு ஏன் பலிக்கிறது என்பதற்கு ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய வரிசைக் கோட்பாட்டு விதி விடை தருகிறது. ஒரு குழு நாளொன்றுக்குச் சராசரியாக 3 வேலைகளை முடிக்கிறது, கையில் 12 வேலைகள் இருக்கின்றன என்றால், ஒரு வேலை முடியச் சராசரியாக 4 நாள் ஆகும். முடிக்கும் வேகம் மாறாமல் கையில் 24 வேலைகளை எடுத்துக்கொண்டால் 8 நாள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டால் வேகம் கூடும் என்ற மேலாளர் கணக்கு இங்கே அடிபட்டுப் போகிறது. கான்பன் பலகை உள்ள கருவிகள் பலவற்றிலும் பத்திக்கு வரம்பு வைக்கும் வசதி உண்டு. வரம்பைத் தாண்டினால் பத்தியின் நிறம் மாறும். பெரும்பாலும் அதற்கு மேல் எதுவும் நடக்காது. தடுத்து நிறுத்துவது குழுவின் பொறுப்பு.

ஓர் அறையில் இருக்கும் குழுவுக்குச் சுவர் போதும். குழு இரண்டு ஊர்களில் பிரிந்து வேலை செய்தால், கணக்குத் தணிக்கைக்குப் பதிவு வேண்டுமென்றால், முப்பது குழுக்களின் நிலையை ஒருவர் பார்க்க வேண்டுமென்றால் சுவர் போதாது. ரேலி, வெர்ஷன்ஒன், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தின் மிங்கிள் ஆகியவை இந்தத் தேவைக்காக 2000-களில் வந்தவை. ஆனால் சந்தையைப் பிடித்தது, அஜைலுக்காகப் பிறக்காத ஒரு கருவி.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த மைக் கேனன்-புரூக்ஸ், ஸ்காட் ஃபார்க்வார் இருவரும் கிரெடிட் கார்டுக் கடனில் 2002-இல் சிட்னியில் தொடங்கியது அட்லாசியன் நிறுவனம். அவர்களுடைய ஜிரா முதலில் வழுக்களைப் பதிந்து பின்தொடர்வதற்கான மென்பொருளாகவே வந்தது. விற்பனையாளர் படை இல்லாமல் இணையத்தில் விலையைப் போட்டு விற்றார்கள். திறமூலத் திட்டங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். நிரலாளர்கள் அங்கே பழகி, வேலைக்குப் போன இடத்திலும் அதையே கேட்டார்கள். அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்கிரமுக்கான பலகை வசதி கிரீன்ஹாப்பர் என்ற துணை நிரலாக வெளியாரால் எழுதப்பட்டது. 2009-இல் அட்லாசியன் அதை வாங்கி, 2013-இல் ஜிரா அஜைல் என்று பெயர் மாற்றி, 2015-இல் ஜிரா சாஃப்ட்வேர் என்ற பொருளுக்குள் சேர்த்துவிட்டது.

வழுப் பதிவேடாகப் பிறந்த அந்தச் சாயல் ஜிராவில் இன்னும் இருக்கிறது. எந்த வேலையும் ஒரு டிக்கெட். டிக்கெட்டுக்கு ஒரே ஒரு பொறுப்பாளர். அது நகர்வதற்கு வகுக்கப்பட்ட நிலைகள். இரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து நிரல் எழுதுவதை இந்த அமைப்பு எளிதில் ஏற்பதில்லை. நிலைகளையும் புலங்களையும் நிர்வாகி விருப்பம்போல் கூட்டலாம் என்பது ஜிராவின் பெரும் பலம். நிரலாளர்கள் அதன்மேல் சொல்லும் குறைகளில் பாதிக்குக் காரணமும் அதுவே. ஒரு டிக்கெட்டை மூடப் பத்துப் பதினைந்து பெட்டிகளை நிரப்ப வேண்டியிருந்தால், பிழை பெரும்பாலும் அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்கிய அலுவலகத்துடையது.

ஸ்கிரம் வழிக் குழு பேக்லாக் என்னும் வேலைப் பட்டியலிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, ஒரு மாதத்துக்கு மிகாத ஸ்பிரிண்ட் காலத்தில் முடிக்கப் பார்க்கும். மீதமுள்ள வேலை நாள்தோறும் குறைவதைக் காட்டும் வரைபடம் பர்ன்-டவுன். வேலையின் அளவை மணியில் சொல்லாமல் 1, 2, 3, 5, 8, 13 என்ற புள்ளிகளில் சொல்வது பரவலான வழக்கம். ஆளுக்கொரு சீட்டை ஒரே நேரத்தில் காட்டி இந்தப் புள்ளியை முடிவு செய்யும் பிளானிங் போக்கரை 2002-இல் ஜேம்ஸ் கிரெனிங் விவரித்தார். ஒரு ஸ்பிரிண்டில் முடிந்த புள்ளிகளின் கூட்டுத்தொகை வெலாசிட்டி. அடுத்த ஸ்பிரிண்டில் எவ்வளவு எடுக்கலாம் என்று குழு தனக்குள் கணக்குப் போடவே அது வந்தது. கருவிகள் அதை வரைபடமாக்கி மேலதிகாரியின் திரைக்கு அனுப்பிய பிறகு, குழுக்களை ஒப்பிடும் மதிப்பெண்ணாகிவிட்டது. மதிப்பெண் என்று தெரிந்ததும் நேற்று 3 புள்ளியாக இருந்த வேலை இன்று 5 ஆவதில் வியப்பில்லை. புள்ளிகளை முதலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸே, அவற்றுக்காக இப்போது வருந்துவதாகப் பின்னாளில் எழுதினார்.

ஜிராவின் கனத்துக்கு மறுபக்கத்தில் இருப்பது டிரெல்லோ. ஜோயல் ஸ்போல்ஸ்கியும் மைக்கேல் பிரையரும் நடத்திய நியூயார்க்கின் ஃபாக் கிரீக் நிறுவனம் அதை 2011-இல் வெளியிட்டது. பலகை, பட்டியல், அட்டை என்ற மூன்றே கூறுகள். கல்யாண வேலைப் பட்டியலுக்கும் மக்கள் அதைப் பயன்படுத்தினார்கள். 2017-இல் அட்லாசியன் அதையும் 42.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. மைக்ரோசாஃப்டின் டீம் ஃபவுண்டேஷன் சர்வரின் இணையச் சேவை வடிவம் பலமுறை பெயர் மாறி 2018-இல் அஷ்யூர் டெவ்ஆப்ஸ் ஆனது. திறமூலத்தில் 2006 முதல் ரெட்மைன் இருக்கிறது. சொந்த சர்வரில் செலவில்லாமல் நிறுவிக்கொள்ள விரும்பும் சிறு நிறுவனங்களுக்கு அது போதும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ 2017-இல் ஸ்கிரம் குழுக்களுக்கெனத் தனியாக ஸ்பிரிண்ட்ஸை வெளியிட்டது.

இவற்றின் ஆயுளும் நிரந்தரமல்ல. மிங்கிள் 2019-இல் முடிந்தது. நிறுவனங்கள் தம் சொந்தக் கணினிகளில் நிறுவி ஓட்டிய ஜிரா சர்வர் பதிப்புக்கு அட்லாசியன் 2024 பிப்ரவரி 15-உடன் ஆதரவை நிறுத்தியது. முந்தைய சுற்றுகளின் வெலாசிட்டியைக் கொண்டு அடுத்த சுற்றைத் தானே நிரப்பிக்கொடுத்து, நிரலாளர்களிடம் நல்ல பெயர் எடுத்த பிவோட்டல் டிராக்கர், நிறுவனம் கைமாறிக் கைமாறி 2025 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. கருவி வாங்குபவர்கள் பலகையின் அழகைப் பார்க்கும் முன், பதிந்த டிக்கெட்டுகளையும் அவற்றின் உரையாடல்களையும் முழுதாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.