அலரும் ஆவணமும்

அகப்பாடலில் காதலிப்பவரின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று உறவுகள் மட்டுமே உண்டு. இன்னார் என்று சுட்டிவிட்டால் அது அகம் ஆகாது. அதே மரபு, பெண்ணைப் பற்றிய செய்தி எப்படிப் பரவுகிறது என்பதற்கும் சொற்களை வைத்திருக்கிறது. சிலர் மட்டும் அறிந்து முணுமுணுப்பது அம்பல். ஊரறியப் பேசுவது அலர். அலர் எழுந்தபின் வருவது இற்செறிப்பு, அதாவது தலைவியை வீட்டுக்குள் அடைத்துவைப்பது. செய்தியைப் பரப்பியவர்களுக்குத் தண்டனை இல்லை. அதில் சரிபாதிப் பங்குள்ள தலைவனுக்கும் இல்லை. அவளுக்கு மட்டும்தான்.

தென்காசிப் பக்கத்து மாணவிகளுக்கு இந்தத் துறைகளை நடத்தும்போது எனக்கு உரைநூல் தேவைப்படுவதில்லை. ரீசார்ஜ் கடையில் சொன்ன எண்ணுக்கு இரவில் யாரோ ஒருவன் 'ஹாய்' அனுப்புகிறான். பறிபோவது அவனுடைய போன் அல்ல, அவளுடைய போன். சில வீடுகளில் அதன்பின் கல்லூரியும் நின்றுபோகிறது. சாரல் காலத்தில் குற்றாலத்தில் அறை எடுக்கும் பெண்கள் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு அருவிக்குப் போகிறார்கள். சீசன் முடிந்தபின் அந்த நகல் என்ன ஆகிறது என்று கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை. பீடி சுற்றும் பெண்கள் குழுக்கடனுக்காகக் கொடுக்கும் போட்டோவும் போன் எண்ணும் அப்படித்தான். தனியுரிமை என்பது வசதி படைத்தவர்களின் கவலை என்று சொல்பவர்கள் இற்செறிப்பை மறந்துவிடுகிறார்கள். தகவல் கசிந்தால் மற்றவர்களுக்குப் பணம் போகலாம். பெண்ணுக்கு நடமாட்டமே போய்விடுகிறது. சட்டத்தின் வரலாற்றையும் இந்த அளவுகோலால்தான் நாம் அளக்க வேண்டும்.

பெண்களைப் பற்றி அரசு எழுதிவைத்த பதிவேடுகளில் ஒன்று ஆங்கிலேயர் காலத்தது. 1868-இல் வந்த தொற்றுநோய்ச் சட்டம், பாலியல் தொழில் செய்பவர்கள் என்று கருதப்பட்ட பெண்களைப் பதிவு செய்யவும், கட்டாய உடற்பரிசோதனைக்கு உட்படுத்தவும் வழிசெய்தது. அவர்களிடம் வந்துபோன ஆண்களுக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. 1888-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. பெண்ணின் உடலைக் கேள்வி கேட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் நீங்கவில்லை.

நூறாண்டு கழித்து அது ஒரு வேலை விண்ணப்பத்தில் வெளிப்பட்டது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் வேலைக்குச் சேரும் பெண்கள் ஓர் உறுதிமொழிப் படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. மாதவிடாய் ஒழுங்காக, வலியில்லாமல் வருகிறதா, கடைசியாக வந்த தேதி எது, எத்தனை முறை கருத்தரித்தீர்கள், அவற்றில் எத்தனை நிறைமாதம் என்றெல்லாம் அதில் கேள்விகள். தகுதிகாண் பருவத்தில் மகப்பேறு விடுப்பு எடுத்த ஒரு பெண்ணை, கடைசி மாதவிடாய்த் தேதியைத் தவறாகச் சொன்னார் என்று காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்கினார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். சட்டப் புத்தகங்களில் அவர் பெயர் இருக்கிறது, இங்கே வேண்டாம். 1991 அக்டோபரில் வந்த தீர்ப்பு, இத்தகைய கேள்விகள் பெண்ணைக் கூச வைப்பவை, அவமானப்படுத்துபவை என்று சொல்லி, அவற்றைப் படிவத்திலிருந்து நீக்க உத்தரவிட்டது. 'கேட்காதே' என்று நிறுவனத்திடம் சொல்ல ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு என்பதை நிறுவியவர் அவர்.

1994-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று அடுத்த படியை எடுத்துவைத்தது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கு அது. தனித்து விடப்படும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவுக்குள் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிடத் தடையில்லை என்றும் சொன்னது. ஆனால் அதற்கு ஒரு விலக்கு வைத்தது: பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ உள்ளான பெண்ணின் பெயரை, ஆவணத்தில் இருந்தாலும், வெளியிட்டு அவரை மேலும் இழிவுபடுத்தக்கூடாது. பெயர் சுட்டாமை என்ற அகத்திணை விதி நீதிமன்றத்துக்குள் நுழைந்த நாள் என்று அதை நான் மாணவிகளிடம் சொல்வேன்.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். நம் ஒப்புதலின் பேரில் வாங்கிய தகவலைக் காட்டச் சொல்லவும், திருத்தவும், அழிக்கச் சொல்லவும், ஒப்புதலைத் திரும்பப் பெறவும் இச்சட்டம் உரிமை தருகிறது. இன்னொரு சிறப்பும் உண்டு. ஆங்கில மூலத்தில் எல்லாக் குடிமக்களையும் இது 'அவள்' என்றே குறிப்பிடுகிறது. நாடாளுமன்றச் சட்டமொன்றில் இது முதன்முறை என்று அரசே பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

'அவள்' எதுவரை போக முடியும் என்பதை 3-ஆவது பிரிவில் பார்க்கலாம். ஒரு தனிநபர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஒவ்வொரு குடும்பத்தின் தொலைபேசிப் பட்டியலுக்கும் சட்டம் வேண்டாம் என்பது நியாயம்தான். ஆனால் மனைவியின் போனைத் திறந்து பார்க்கும் கணவனும், தங்கையின் செய்திகளைப் படிக்கும் அண்ணனும் அதே வாசல் வழியாகத் தப்பிவிடுகிறார்கள். இற்செறிப்பு நடக்கும் இடம் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது.

இந்த இடைவெளியை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கண்டது. விவாகரத்து வழக்கொன்றில் கணவர், மனைவியின் அழைப்பு விவரங்களை அவர் சம்மதமின்றி எடுத்துச் சாட்சியமாக்கினார். 2024 அக்டோபர் 30 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், தம்பதியருக்குள்ளும் தனியுரிமை உண்டு, அதை மீறிப் பெற்ற சான்றை ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தார். ஒன்பது மாதங்கள்கூட ஆகவில்லை. 2025 ஜூலையில் வேறொரு வழக்கில், ரகசியமாகப் பதிவு செய்த மனைவியின் பேச்சை விவாகரத்து வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். மதுரையில் கிடைத்த காப்பு அதனால் வலுவிழந்துவிட்டது. கொடுமையை நிரூபிக்க வேண்டிய மனைவிக்கும் ஒலிப்பதிவு உதவும் என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யார் கையில் யாருடைய போன் இருக்கிறது என்பதை நம் வீடுகள் அறியும்.

இன்னொரு வாசல் அரசுடையது. தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் பெற வேண்டும். மகப்பேறு நிதியுதவி அதன் வழியாகத்தான் வருகிறது. அந்தப் பதிவு தாய்மாரின் உயிரைக் காக்க உதவுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. என் கேள்வி, அதை யார் யார் பார்க்கலாம், எத்தனை காலம் வைத்திருக்கலாம் என்பது. புதிய சட்டத்தின்படி, நலத்திட்டத்துக்காக அரசு கையாளும் தகவல் பலவற்றுக்குப் புதிதாக ஒப்புதல் தேவையில்லை. காட்டச் சொல்லும் உரிமையும் அழிக்கச் சொல்லும் உரிமையும் ஒப்புதல் தந்த தகவலுக்கே உண்டு.

அமெரிக்காவில் கருக்கலைப்பு உரிமை 2022-இல் பறிக்கப்பட்டபோது, மாதவிடாய்ச் செயலிகளில் பெண்கள் குறித்துவைத்த தேதிகளே அவர்களுக்கு எதிரான சான்றாகலாம் என்ற அச்சம் எழுந்தது. மறுவருடமே வாஷிங்டன் மாநிலம் தனிச்சட்டம் இயற்றியது. ஒப்புதல் இல்லாமல் உடல்நலத் தகவலைத் திரட்டவோ விற்கவோ கூடாது, மருத்துவமனைக்கு யார் வந்துபோகிறார்கள் என்று போன் வழியாக வேவு பார்க்கக்கூடாது, மீறினால் பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடரலாம். மத்திய அரசுக்காக அந்த மாநிலம் காத்திருக்கவில்லை. பொதுச் சுகாதாரம் நம் அரசியலமைப்பிலும் மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்குச் சட்டம் செய்த மாகாணம் இது. கர்ப்பப் பதிவேட்டுக்கு ஒரு காவல் விதி எழுத நம் சட்டமன்றத்தால் முடியும். அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

அதுவரை கவுண்டரில் கேட்கக் கூடியவை மூன்று: எதற்காக வாங்குகிறீர்கள், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள்? விடுதியில் முழு ஆதாருக்குப் பதிலாக முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். என் மாணவிகள் இதைச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். சில இடங்களில் முறைக்கிறார்கள், சில இடங்களில் வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டுக்குள் அந்த மூன்று கேள்விகளைக் கேட்க இன்னும் எந்தச் சட்டமும் துணை நிற்கவில்லை. சங்கப் பாடலில் தலைவிக்கு இருந்த துணை தோழி. நமக்கும் இப்போதைக்கு அவள்தான்.